கதவுக்குப் பின்னால் இருந்த சுவிட்ச்

அவனுக்கு ‘விருந்தாளி’ என்று பட்டப்பெயர் வைத்தவர், அவன் கால்பந்து ஆடிய ஆறாவது கிளப்பில் ஜெர்சிகளைத் துவைத்து மடித்துக் கொடுக்கிற அண்ணன். சீசன் தொடக்கத்தில் உடைமாற்றும் அறையின் கொக்கிகளில் சட்டைகளை மாட்டிக்கொண்டே வந்தவர், புதிதாக வந்து மூலையில் நின்றவனைப் பார்த்து, “நம்ம விருந்தாளிக்கு எந்த நம்பர்?” என்று கேட்டார். அவ்வளவுதான். அவன் அந்தக் கிளப்பை விட்டு ஏழாவதுக்குப் போனபோது, அந்தப் பெயர் அவனுக்கு முன்பே போய் அங்கே உட்கார்ந்திருந்தது. எட்டாவதிலும் அப்படித்தான். ஆள் இடம் மாற மருத்துவப் பரிசோதனை வேண்டும், கையெழுத்து வேண்டும். பட்டப்பெயருக்கு என்ன, டிக்கெட்டா எடுக்க வேண்டும்?

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இவனுக்கு ஒரு சீசன், மிஞ்சினால் இரண்டு. அதற்காகக் கெட்ட ஆட்டக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். கெட்ட ஆட்டக்காரனை ஒன்பது கிளப்புகள் கூப்பிடுமா? ரொம்ப நல்ல ஆட்டக்காரனும் இல்லை. ரொம்ப நல்லவனாக இருந்திருந்தால் முதல் கிளப்பே கட்டிப்போட்டிருக்கும். அவன் ஆடியது நடுக்களத்தில். கோல் போடுகிறவனைத் தோளில் தூக்குவார்கள், கோலைத் தடுக்கிறவனைக் கட்டிப்பிடிப்பார்கள். நடுவில் நிற்கிறவன் பந்தை இங்கே வாங்கி அங்கே கொடுப்பான், அங்கே வாங்கி இங்கே கொடுப்பான். கல்யாண வீட்டில் எல்லோரும் சாப்பிட்டாயிற்றா என்று பார்த்துவிட்டுக் கடைசிப் பந்தியில் உட்காருகிற பெரியப்பா மாதிரி. இருக்கும்போது யாருக்கும் தெரியாது, இல்லாதபோதுதான் பந்தி கலைந்து கிடக்கும். அதனால் எந்தக் கிளப்பில் பந்தி கலைந்ததோ அங்கிருந்து இவனுக்கு போன் வரும். போவான், ஒழுங்கு பண்ணுவான், ஒழுங்கானதும் கறிவேப்பிலை மாதிரி எடுத்து ஓரமாக வைத்துவிடுவார்கள். அவனுக்கு அதில் பெரிய கோபம் ஒன்றும் இல்லை. எனக்குத்தான் கோபம்.

அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. பந்து தன் காலுக்கு வந்து சேருவதற்கு முன்னால் ஒருமுறை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்வான். நடுக்களத்தில் பிழைக்கிறவர்கள் எல்லோருக்கும் இது உண்டு. திரும்பிய அந்த நொடியில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஒரு படம் கிடைக்கும். அந்தப் படத்தைக் கண்ணுக்குள் வைத்துக்கொண்டுதான் பந்தைத் தொடுவான். பிறகு பார்க்க நேரம் இருக்காது. மளிகைக் கடை வரிசையில் நிற்கும்போதுகூடத் தோளுக்குப் பின்னால் பார்ப்பான். “யாரு துரத்துறா உங்கள? கடன்காரனா?” என்று மனைவி கேட்பாள்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. அது அவனுக்கு இல்லை, அவன் கைக்கு.

அவன் முதலில் ஆடிய கிளப்புக்கு நீலச் சட்டை. அங்கேதான் அதிக காலம் இருந்தான், நான்கு வருஷம். கல்யாணமானதும் கிளப்புக்குச் சொந்தமான ஒரு வீட்டைக் கொடுத்தார்கள், மூன்றாவது மாடியில். நல்ல வீடுதான். ஆனால் கூடத்து விளக்கின் சுவிட்சை, எந்தப் புண்ணியவானோ, கதவுக்குப் பின்னால், இடுப்பு உயரத்தில் வைத்திருந்தான். வீட்டுக்குள் நுழைந்து, கதவைச் சாத்தி, கும்மிருட்டில் குனிந்து கதவுக்குப் பின்னால் துழாவினால்தான் வெளிச்சம். ஆரம்பத்தில் தினமும் அந்த மின்சார வேலைக்காரனின் ஏழு தலைமுறையையும் விசாரித்தான். பிறகு கை தானாகப் போகப் பழகிவிட்டது. ஒரு தோள் நிறையப் பை, ஒரு தோள் நிறைய அப்போது பிறந்திருந்த மகள், இடது கை மட்டும் தனியாகப் பின்னால் போய் சுவிட்சைத் தட்டிவிட்டு வரும்.

அந்த வீட்டை விட்டுப் போன பிறகும் கைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. இரண்டாவது ஊர், மூன்றாவது ஊர், எங்கே போனாலும் கதவைத் திறந்ததும் இடது கை இடுப்பு உயரத்தில் வெறும் சுவரைத் தடவும். ஆட்ட நாட்களில் மதியம் ஒரு தூக்கம் போடுவது வழக்கம். திரை போட்ட அறையில், அரைத்தூக்கத்தில், தான் எந்த ஊரில் படுத்திருக்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. ஒரு ஊரின் ரயில் சத்தம் கேட்கும், இன்னொரு ஊரின் ஈரச் சுவர் வாசம் வரும், மூன்றாவது ஊரின் படிக்கட்டில் யாரோ இறங்கிப் போவார்கள். ஒன்பது வீடுகளும் ஒன்றுக்குள் ஒன்று கதவு வைத்தது போல அவன் அறை அறையாக நடப்பான். அது துக்கமாகவும் இருக்காது, சுகமாகவும் இருக்காது, மிதக்கிற மாதிரி இருக்கும். விழிப்பு வந்ததும் கை எழுந்து சுவிட்சைத் தேடும். கிடைக்காது. அப்போதுதான், சரி, வேறு ஊர் என்று தெரியும்.

நீலக் கிளப்பை விட்டுப் போகும்போது அந்த வீட்டின் சாவியை, அடுத்து அங்கே குடிவரப் போகிற நெட்டையின் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

நெட்டை அவனுக்கு இடது பக்கம் ஓடிய ஆள். பெயருக்கேற்ற உயரம். கழுத்தை மட்டும் வைத்தே ஒரு கோல் போடலாம் என்று கேலி செய்வார்கள். அந்த நான்கு வருஷமும் இருவரும் சேர்ந்து செய்த வித்தை ஒன்றே ஒன்றுதான். நெட்டை கத்த மாட்டான், கையைத் தூக்க மாட்டான். தொடையோரம் உள்ளங்கையை விரித்துக் காட்டுவான், பிச்சை கேட்கிற மாதிரி. விருந்தாளி பந்தை அவன் காலுக்குக் கொடுத்துவிட்டு நேரே ஓடுவான். நெட்டை பந்தை நிறுத்தாமல், முதல் தொடுதலிலேயே, எதிர் அணியின் முதுகுக்குப் பின்னால் திருப்பித் தருவான். கொடு, ஓடு, வாங்கு. அவ்வளவுதான். பயிற்சி மைதானத்தில் காலை வெயிலில் நூறு தடவை, மழையில் நூறு தடவை. கடைசியில் இருவரும் பேசிக்கொள்வதைவிட அதிகம் இதைத்தான் செய்துகொண்டார்கள்.

இனி ஒன்பதாவது ஊருக்கு வருவோம். இங்கே மஞ்சள் சட்டை. வந்து இரண்டு வருஷம் ஆகிறது. மனைவிக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில், பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. முதல்முறையாக நிரந்தர வேலை. மகளுக்குப் பதினொரு வயது. ஆறு பள்ளிக்கூடம் பார்த்தவள். ஒவ்வொரு பள்ளியிலும் சிநேகிதி பிடிப்பதற்குள் பெட்டி கட்டிவிடுவார்கள். அதனால் மூன்றாவது பள்ளிக்கு மேல் அவள் சிநேகிதி பிடிப்பதையே விட்டிருந்தாள். இங்கே வந்து ஒரு வருஷம் கழித்துத்தான் கீழ் வீட்டுப் பெண்ணோடு சேர்ந்து நீச்சலுக்குப் போக ஆரம்பித்தாள். இப்போது இரண்டு பேரும் ஒரே துண்டைப் பங்கு போட்டுத் துவட்டிக்கொண்டு வருகிறார்கள்.

ஒருநாள் மனைவி பக்கத்து வீட்டில் சுத்தியல் வாங்கி வந்து கூடத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்தாள். அவர்கள் குடித்தனத்தில் முதல் ஆணி. வாடகை வீட்டுச் சுவரில் ஓட்டை போட்டால் போகும்போது யார் அடைப்பது என்று இத்தனை வருஷம் ஒரு காலண்டர்கூட மாட்டாதவள்.

“என்ன மாட்டப் போற?” என்று கேட்டான்.

“தெரியல. ஆணி இருக்கட்டும். அப்புறமா யோசிச்சு மாட்டலாம்.”

அதே வாரத்தில்தான் அது நடந்தது. பயிற்சி முடிந்து வந்தவன் கதவைத் திறந்தான். இடது கை சும்மா தொங்கியது. வலது கை எழுந்து, தோள் உயரத்தில், அந்த வீட்டின் சுவிட்ச் எங்கே இருக்கிறதோ அங்கேயே போய்த் தட்டியது. விளக்கு எரிந்தது. அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான். விளக்கை அணைத்து, மறுபடி போட்டுப் பார்த்தான். ஒரு சுவிட்சுக்கா இப்படி என்று வெட்கமாகவும் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாவிட்டாலும் தெய்வத்துக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. அந்த சீசனில் மஞ்சள் கிளப் அடி மேல் அடி வாங்கியது. அவன் பங்கும் அதில் உண்டு. தோளுக்குப் பின்னால் பார்த்து எடுக்கிற படங்கள் கலங்க ஆரம்பித்தன. பார்த்தால் இரண்டாவது ஊரில் கூட ஆடிய குள்ளன் வலது ஓரமாக ஓடுவது தெரியும், பந்தை அங்கே கொடுப்பான். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். ஐந்தாவது ஊரின் சுருட்டைமுடிக்காரன் நடுவில் வந்து நிற்பது தெரியும், அங்கே தட்டுவான். பந்து அனாதையாக உருண்டு வெளியே போகும்.

“யோவ், அங்க யாருய்யா இருக்கா, உன் மாமனாரா?” என்று பயிற்சியாளர் ஓரக்கோட்டில் நின்று கத்தினார்.

மனைவி அவனைக் கடைக்குக் கூட்டிப்போய், நாற்காலியில் உட்காரவைத்து, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னாள். கடைசி வரியின் பொடி எழுத்துவரை கடகடவென்று படித்தான்.

“கண்ணு பளிங்கு மாதிரி இருக்கு” என்றாள். “கோளாறு அதுக்குப் பின்னாடி.”

“பின்னாடின்னா?”

“நீங்க எல்லா வீட்டையும் காலி பண்ணீங்க, உங்க தலைய மட்டும் காலி பண்ணல.”

இப்படி வந்து சேர்ந்தது சீசனின் கடைசி ஆட்டம். கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அட்டவணையின் அடியில் கிடப்பவர்கள் கீழ் லீகுக்கு இறங்க வேண்டும். அதிலிருந்து தப்பிக்கிற கடைசி இடத்துக்கு இரண்டு கிளப்புகள் போட்டி போட்டன, கடைசி ஆட்டமும் அவற்றுக்குள்தான். ஒன்று மஞ்சள். இன்னொன்று, கேட்டால் சிரிப்பீர்கள், நீலம். அவர்களுக்கு ஆட்டம் சமனில் முடிந்தாலே போதும், தப்பித்துவிடுவார்கள். மஞ்சள் ஜெயித்தே ஆக வேண்டும். இறங்கினால் விருந்தாளியின் ஒப்பந்தம் அன்றோடு செல்லாது. தப்பித்தால் இன்னும் ஒரு வருஷம் ஆட்டம், அதற்குப் பிறகு பூட்ஸைக் கழற்றிவிட்டு அதே ஊரில் இளையவர்களைப் பழக்குகிற வேலை. மேனேஜர் கை கொடுத்துச் சொன்ன வார்த்தை. அதாவது அந்த ஒரு ஆட்டத்தில்தான் லென்ஸ் தேய்க்கிற மேசை, நீச்சல் துண்டு, சுவரிலிருந்த ஆணி எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தன.

அந்த வாரம் நெட்டையிடமிருந்து போன் வந்தது. அவன் ஊர் மாறவே இல்லை, நீலத்திலேயே ஊறிப்போனவன். கால் வேகம் குறைந்ததும் அவனைப் பின்வரிசைக்குத் தள்ளி, வலது பக்கக் காவலுக்கு நிறுத்தியிருந்தார்கள்.

“என்னடா விருந்தாளி, வர்ற வாரம் உன்னை நான்தான் கவனிச்சுக்கணுமாம்.”

“நல்லா கவனி. விருந்தோம்பல் முக்கியம்.”

சிரித்தார்கள். பிறகு நெட்டை குரலை இறக்கினான். “யாராவது ஒருத்தன் பெட்டி கட்டணும் இல்லடா. எனக்கு ஊர் மாறினா ஒண்ணும் இல்ல. என் பொண்டாட்டியோட அப்பா இருக்காரே, அவரை நெனச்சாத்தான். ஞாபகம் போயிட்டே இருக்கு. என் பேரு தெரியல, சில நேரம் மகளையே தெரியல. ஆனா இந்த வீட்டுக்குள்ள மட்டும் சுவத்தைத் தொட்டுக்கிட்டே எங்க வேணா போயிடுவாரு. அந்தப் பாழாப்போன சுவிட்சக்கூடக் கண்டுபிடிச்சுப் போடறாரு. இறங்கினா வீட்டைத் திருப்பிக் கேட்பானுங்க. வேற வீட்டுல கொண்டுபோய் விட்டா மனுஷன் என்ன ஆவாரு?”

விருந்தாளி, “பாத்துக்கலாம்டா” என்றான். என்ன பார்த்துக்கொள்வது? இரண்டு பேர் ஒரு நாற்காலியில் உட்கார முடியுமா? போனை வைத்த பிறகு மனைவியிடம் சொன்னான். அவள் அலமாரிக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே மடித்துத் தட்டையாக்கிய அட்டைப் பெட்டிகள் நின்றன. ஒன்பது ஊர் சுற்றியவை. சமையல், பாப்பா, பூட்ஸ் என்று எழுதி, அடித்து, திரும்ப எழுதிய பெட்டிகள். இரண்டு வருஷமாக அவள் அவற்றைத் தூக்கிப் போடவில்லை. போட்ட அன்றைக்கே மாற்றல் வரும் என்று ஒரு பயம்.

“நீங்க ஜெயிச்சுட்டு வாங்க” என்றாள். “மறுநாளே பழைய பேப்பர்காரருக்குப் போட்டுடறேன்.”

ஆட்டத்தன்று மதியம் தூங்கினான். கனவு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு மாடிப்படி, நிறைய கதவுகள், ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் யாரோ பந்தைச் சுவரில் அடித்து வாங்குகிற சத்தம். எழுந்து மைதானத்துக்குப் போனபோதும் அந்தச் சத்தம் காதுக்குள் இருந்தது.

அன்று காலையிலிருந்தே தூறல். மாலையில் பனிமூட்டமும் இறங்கியது. மைதான விளக்குகளைச் சீக்கிரமே போட்டார்கள். வெளிச்சம் கீழே வந்து சேராமல் நடுவானத்தில் பாலாகப் பரவி நின்றது. கூட்டத்தின் கூச்சல்கூடத் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போலக் கேட்டது. முதல் பாதியில் நீலம் ஒரு கோல் போட்டது. இடைவேளைக்குப் பின் மஞ்சள் ஒன்று போட்டது. பிறகு நேரம் ஓடியது, கோல் வரவில்லை. விருந்தாளியின் கால்கள் கனத்தன. உடம்பு களைக்கக் களைக்க மனசு லேசாகிக்கொண்டே போயிற்று. புல் வாசம் வந்தது. எந்த ஊர்ப் புல் என்று தெரியவில்லை. எல்லா ஊரிலும் நனைந்த புல் ஒரே வாசம்தானே.

ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்த நேரம். பின்வரிசையிலிருந்து பந்து அவனை நோக்கி உருண்டு வந்தது. அது வருவதற்குள் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தான்.

பார்த்த படம் அவ்வளவு தெளிவாக இருந்தது. அந்த வருஷம் முழுவதும் அப்படி ஒரு படம் அவனுக்குக் கிடைக்கவில்லை. இடது பக்கம், மூட்டத்துக்குள், நீலச் சட்டை. நெடிய உருவம். தொடையோரம் விரித்த உள்ளங்கை.

உண்மையில் நெட்டை தன் ஆட்களிடம், அப்படியே நில்லுங்கள், முன்னால் வராதீர்கள் என்றுதான் கையால் சைகை காட்டிக்கொண்டிருந்தான். விருந்தாளிக்கு அது தெரியவில்லை. நீலம் எதிரி என்பதும் அந்த நொடியில் தெரியவில்லை. அவனுக்கு இருபத்துநான்கு வயது. காலை வெயில். மூன்றாவது மாடியில் தொட்டிலில் மகள் தூங்குகிறாள். பந்தை நெட்டையின் காலுக்குக் கொடுத்தான். அவன் வாழ்நாளில் கொடுத்த மிக நல்ல பாஸ் அது. கூட்டும் இல்லை, குறைவும் இல்லை. ஈரப் புல்லில் நூல் பிடித்த மாதிரி போயிற்று. கொடுத்துவிட்டு, பழைய வழியில், நேரே ஓடினான்.

மைதானமே ‘ஐயோ’ என்றது. பயிற்சியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த ‘ஐயோ’வில்தான் அவன் விழித்தான். மஞ்சள் சட்டை, முப்பத்தைந்து வயது, எதிரியின் காலில் பந்து. எல்லாம் போயிற்று என்று நினைத்தான். ஆனால் கால்கள் நிற்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்தன.

பழக்கம் கொடியது, பாறையிலும் கோழி சீய்க்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? நெட்டையின் காலுக்கு அந்தப் பந்து வந்த தினுசு தெரியும். அந்த வேகம், அந்தச் சுழல், கொடுத்துவிட்டு ஓடுகிறவனின் காலடிச் சத்தம் எல்லாம் தெரியும். யோசிக்கத் தெரிந்த தலை ஆறடிக்கு மேலே இருந்தது. செய்தி அங்கே போய்ச் சேருவதற்குள் கால் வேலையை முடித்துவிட்டது. பந்தை நிறுத்தவில்லை. முதல் தொடுதலிலேயே, தன் அணியின் முதுகுக்குப் பின்னால், ஓடுகிறவன் பாதையில், அழகாகத் திருப்பிக் கொடுத்தான்.

பந்து வந்து விருந்தாளியின் முன்னால் விழுந்தது. முன்னே யாரும் இல்லை, கோல்கீப்பர் மட்டும். கொடியைத் தூக்க வழி இல்லாமல் உதவி நடுவர் நின்றார். பந்தைக் கொடுத்தவன் எதிர் அணிக்காரன், அதில் என்ன ஆஃப்சைடு? எல்லாம் மெதுவாக நடந்தது. மூட்டத்துக்குள் கோல்கீப்பர் கைகளை விரித்துக்கொண்டு வந்தார், ரொம்ப நாள் கழித்துப் பார்த்த சொந்தக்காரர் வருவது போல. நின்றுவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. சுவரைத் தொட்டுக்கொண்டு நடக்கிற, அவன் பார்த்தே இராத ஒரு பெரியவர் வந்தார். ஆணி வந்தது. ஈரத் துண்டு வந்தது. தட்டினான். பந்து உள்ளே போனது.

கூட்டம் குதித்ததோ, மேலே விழுந்து அமுக்கினார்களோ, அவனுக்குச் சரியாக நினைவில்லை. ஆட்டம் முடிந்ததும் வெளியே போகிற பாதையில் நெட்டை சுவரில் சாய்ந்து நின்றான். ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“நீ ஏன்டா எனக்குக் குடுத்த?” என்றான் நெட்டை.

“நீ ஏன்டா திருப்பிக் குடுத்த?”

 நெட்டை சிரிக்கத்தான் ஆரம்பித்தான். பாதியில் அது வேறு மாதிரி ஆகிவிட்டது. விருந்தாளி அவன் தோளைப் பிடித்துக்கொண்டான். அவ்வளவு உயரமான ஆள் அழும்போது எங்கே பிடித்துக்கொள்வது என்றுகூடத் தெரியவில்லை.

அன்று இரவு வீட்டுக் கதவைத் திறந்தபோது வலது கை சரியாக சுவிட்சைத் தட்டியது. மகள் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். “அப்பா, நாம போகலை இல்ல? நிஜமா போகலை இல்ல?” அவளைத் தூக்கிக்கொண்டான். பதினொரு வயதுப் பெண்ணைத் தூக்க இடுப்பு வலித்தது, இறக்கவில்லை. வயிறு குளிர்ந்தது. நெஞ்சு மட்டும் எங்கோ சுட்டுக்கொண்டே இருந்தது.

செய்தித்தாளில் அதைக் கேலியாக எழுதினார்கள், இந்த வருஷத்தின் மிக அழகான கூட்டாட்டம் இரண்டு எதிரிகள் ஆடியது என்று. ஊர் சிரித்தது. நீலக் கிளப் சிரிக்கவில்லை. இறங்கிய கிளப்பில் பாதிப் பேருக்கு வேலை போனது. நெட்டைக்கு முதலில் போனது. வீட்டைக் காலி செய்ய ஒரு மாசம் கொடுத்தார்கள். யாரும் அவனைக் குற்றம் சொல்லவில்லை, பார்த்தார்கள், அவ்வளவுதான். அது போதாதா?

விருந்தாளியின் வீட்டில் அட்டைப் பெட்டிகள் இன்னும் அலமாரிக்குப் பின்னால்தான் இருந்தன. பழைய பேப்பர்காரர் இரண்டு முறை மணி அடித்துவிட்டுப் போயிருந்தார். ஒருநாள் நெட்டையின் மனைவி போனில் பேசும்போது, ஊர் மாறிப் பழக்கமில்லை, எதை எதில் வைப்பதென்றே தெரியவில்லை, கடையில் கொடுக்கிற பெட்டியெல்லாம் தூக்கினதும் அடி விட்டுவிடுகிறது என்றாள்.

இவன் மனைவி போனை வைத்துவிட்டு அலமாரியை நகர்த்தினாள். பெட்டிகளை வெளியே எடுத்துத் தூசி தட்டினாள்.

“அவங்களுக்குப் பெட்டி கட்டத் தெரியாதுங்க” என்றாள். “நமக்குத் தெரியும். வாங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பி மதியத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அதே தெரு, அதே மூன்றாவது மாடி. வாசலில் ஒரு லாரி நின்றது. நெட்டை கீழே சாமான் ஏற்றுகிறவர்களோடு நின்று, மேலே போகச் சொல்லிக் கை காட்டினான். பெட்டிக் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு விருந்தாளி மாடியேறினான். பின்னால் மனைவி டேப்பும் கத்தரிக்கோலுமாக வந்தாள்.

கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போனான். சாமான்களை ஜன்னலை மறைத்து அடுக்கியிருந்ததால் கூடம் நல்ல இருட்டாக இருந்தது. மனைவியும் உள்ளே வந்ததும் காலால் கதவைத் தள்ளிச் சாத்தினான். இடது கை தானாக எழுந்தது. கதவுக்குப் பின்னால், இடுப்பு உயரத்தில், தேடாமல், தடவாமல் போய்த் தட்டியது.

விளக்கு எரிந்தது. எதிரே, கூடத்துச் சுவரோரம், ஒரு பெரியவர் நின்றிருந்தார். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். ஒரு கை சுவரில் இருந்தது. அவரும் அந்த சுவிட்சுக்குத்தான் வந்துகொண்டிருந்திருக்கிறார், பாதி வழியில் நின்றுவிட்டார். விளக்கைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் போயிருந்த விருந்தாளியின் கையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“வாங்க தம்பி” என்றார். “நீங்கதான் இந்த வீட்டுக்காரரா?”

விருந்தாளியின் கை சுவிட்சிலேயே இருந்தது. பின்னால் மனைவி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டது கேட்டது. ஒன்பது ஊரில் ஒருவரும் அவனிடம் இப்படிக் கேட்டதில்லை. 

“இல்லைங்க ஐயா” என்றான். “நான் விருந்தாளி.”

“விருந்தாளியா? அப்ப ஏன் நிக்கறீங்க, உக்காருங்க.” பெரியவர் சுவரைத் தடவிக்கொண்டே இரண்டு அடி நடந்து, வழக்கமாக நாற்காலி இருக்கிற இடத்தில் கையை நீட்டினார். கை காற்றில் நின்றது. திரும்பி, உள்ளறைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். “அம்மா, வீட்டுக்கு ஆள் வந்திருக்காங்க. நாற்காலி எங்க?”

நாற்காலி லாரியில் இருந்தது. விருந்தாளி பெட்டிக் கட்டைக் கீழே வைத்துவிட்டு, அதை எடுத்து வரப் படியிறங்கினான்.